தலைக்கட்டுக்கு நாலு கிலோ

புதுத்தெரு உறவின்முறை மண்டபத்தில் அன்று மாலை இருந்தவர்கள்: தலைவர் பொன்னுத்தங்கம், அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனி நடத்துபவர்; செயலாளர் பிரபாகரன், சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பவர்; பொருளாளர் மணிமுத்து, பருப்பு மொத்த வியாபாரம்; உறவின்முறைப் பேட்டையில் மூட்டை எடை போடும் முத்துக்கருப்பன்; கடலை எண்ணெய் ஆலை ராஜபாண்டியன்; மதுரையிலிருந்து வந்திருந்த டாக்டர் பிரீத்திகா, செயலாளருக்கு அண்ணன் மகள்; இவர்கள் போகத் தெருவின் தலைக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரும். மிளகாய் பஜ்ஜியும் மைசூர்பாகும் இருந்தன. பெண்கள் என்று பார்த்தால் டாக்டர் ஒருவர்தான். அவரும் பேசி முடித்ததும் கிளம்பிவிடுவார் என்று முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லியிருந்தது.

கூட்டத்துக்குக் காரணம் இருந்தது. ஒரே மாதத்தில் தெருவில் இரண்டு பேருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாமவருக்கு வைக்க நேரம் கிடைக்கவில்லை. அவருடைய பதினாறாம் நாள் விசேஷத்தில் நெய்ச்சோறு சாப்பிட்டுக் கை கழுவிய இடத்தில் நின்றபடி, தெருவுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று தலைவர் சொன்னார். அதற்குத்தான் டாக்டரை வரவழைத்தார்கள்.

பிரீத்திகா சுருக்கமாகவே பேசினார். தட்டில் பாதி காய்கறி, கால்வாசி சோறு, கால்வாசி பருப்போ முட்டையோ மீனோ இருக்கட்டும் என்றார். எண்ணெயில் பொரித்தது என்றைக்காவது ஒரு நாள் போதும். தினமும் மூச்சு லேசாக வாங்கும்படி நடக்க வேண்டும், வாரத்தில் சில நாள் கனம் தூக்க வேண்டும், ராத்திரி நன்றாகத் தூங்க வேண்டும். பட்டினி கிடக்கவே கூடாது. மெதுவாக இறங்கினால்தான் நிற்கும். "எடைய இறக்குறது பெருசில்ல. இறங்குன இடத்துல நிக்கணும். அதனால ஆயுசு பூரா எதச் செய்ய முடியுமோ அத மட்டும் செய்ங்க" என்று முடித்தார்.

எல்லாரும் கைதட்டினார்கள். தட்டுவதற்காகச் சிலர் பஜ்ஜியைக் கீழே வைத்தார்கள்.

தலைவர் எழுந்து நன்றி சொன்னார். டாக்டர் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் ஒரே ஒரு திருத்தம் என்றார். "நான் வருசம் பூரா ஒரே வேலையச் செய்யறவன் இல்ல. எனக்கு சீசன்தான் எல்லாம். ஆடில புடிச்சா தீபாவளிக்கு லோடு ஏத்தி முடிச்சிருவேன். எடையையும் அப்படி ஒரு சீசன்ல இறக்கிட்டு ஆக வேண்டியதப் பாப்போம். ஆயுசு பூரான்னு ஒரு ஆர்டர் நான் இதுவரைக்கும் எடுத்ததே இல்ல."

பிறகு தீர்மானம் வாசித்தார்கள். உறவின்முறை என்பது தெருவின் வியாபாரக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று மகமை பிரித்துக் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் நடத்துகிறது. நூறு வருஷமாக அதற்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஆகவே எடைக்கும் அதையே கைக்கொண்டது. தலைக்கட்டுக்கு நாலு கிலோ வீதம் இறக்கிப் பங்குனியில் வரும் அம்மன் கோயில் பொங்கலுக்கு முன் செலுத்திவிட வேண்டும். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேரானாலும் ஒரு தலைக்கட்டு. புருஷன் இல்லாமல் தனியாக இருக்கும் பெண் அரைத் தலைக்கட்டு, இரண்டு கிலோ. நிலுவை வைக்கும் குடும்பத்துக்குப் பொங்கலில் மரியாதை கிடையாது.

எடை என்பது ஆளுக்கு ஆள் வேறு, சிலர் இறக்கவே கூடாது என்று பிரீத்திகா சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தார்.

"ஆளுக்கு ஆள் வேறங்கிறது டாக்டரு பேச்சு, தாயி. ஊருக்கு ஒரே வரிதான். ஆளப் பாத்துப் போட்டா பாரபட்சம்பாக" என்றார் பிரபாகரன். சித்தப்பாவைச் சபையில் மறுத்துப் பேச முடியாது. பிரீத்திகா தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

ராஜபாண்டியன் கையைத் தூக்கித் தீர்மானத்தை ஆதரித்தார். புரிந்து தூக்கினார் என்று சொல்ல முடியாது. உறவின்முறையில் எது வந்தாலும் முதல் கை அவர் குடும்பத்துக் கையாக இருப்பது வழக்கம். புதுத்தெரு அம்மன் கோயில் பொங்கலில் முதல் பரிவட்டம் அவர் தாத்தா தலையில் கட்டினார்கள், அப்பா தலையில் கட்டினார்கள், இப்போது அவர் தலையில் கட்டுகிறார்கள். மூன்று தலைமுறையில் அந்த வீட்டுப் பேரில் ஒரு காசு நிலுவை இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி சொர்ணலட்சுமியிடம் விவரம் சொன்னார். அவள் சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தாமல், "நாலு கிலோவ யாருகிட்ட இருந்து எடுக்கப் போறீக?" என்று கேட்டாள்.

அது நியாயமான கேள்வி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் நல்ல கனம். இருக்கன்குடிக்குப் போனபோது வண்டியை விட்டு இறங்கிக் கோயில் வரை நடக்க முடியாமல் ஒரு பொரிகடலைக் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அம்மனைக் கும்பிடாமல் திரும்பினார்கள். மறுநாளிலிருந்து வீட்டில் சோற்றுக் கரண்டி சின்னதாயிற்று, காய்கறிச் சட்டி பெரிதாயிற்று. சாத்தூர் சேவு வருவது நிற்கவில்லை, வரும் அளவு குறைந்தது. எண்ணெய் பரோட்டா மாதத்தில் ஒரு நாள் என்று ஆனது. வெயில் ஏறுவதற்குள் ஆமத்தூர் ரோட்டில் நடந்துவிட்டு வருவாள். மாடித் தொட்டிச் செடிகளுக்குக் கீழேயிருந்து வாளியில் தண்ணீர் சுமப்பாள். யாரிடமும் எதையும் சொல்லவில்லை. எடை இறங்கியது தையல்காரிக்கு மட்டும் தெரியும். ஒரே மகன் சூர்யபிரகாஷ் சென்னையில் இருந்ததால் வீட்டில் இரண்டு பேர்தான். ஆளுக்கொரு சமையல் என்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. அவள் சமைத்ததைச் சாப்பிட்டதில் ராஜபாண்டியனுடைய இடுப்பு பெல்ட்டிலும் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது. அத்தோடு சரி. இருவர் எடையும் அங்கேயே நின்றுவிட்டது.

ஆரம்ப இருப்பு எடுக்கும் நாள் வந்தது. உறவின்முறைப் பேட்டையில், மிளகாய் மூட்டைகளை ஏற்றும் பெரிய எந்திரத் தராசில் குடும்பம் குடும்பமாக ஏற வேண்டும். துணிமணிக்கு ஆளுக்கு ஒரு கிலோ சாக்குக் கழிவு. முத்துக்கருப்பனுக்கு எடையைக் கூவிச் சொல்லித்தான் பழக்கம். பெண்களின் எடையைக் கூவக் கூடாது என்று கமிட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அதை அவர் செயலாளர் காதில் ரகசியமாகச் சொன்னார். செயலாளர் பதிவுக்காக அதை மைக்கில் வாசித்தார்.

ஆரம்ப இருப்பு கூடுதலாக இருந்தால் பின்னால் நாலு கிலோ கழிப்பது சுலபம். இது ராஜபாண்டியனுக்குத் தோன்றவில்லை, மற்ற எல்லாருக்கும் தோன்றியிருந்தது. காலையிலேயே பரோட்டாக் கடையில் உட்கார இடமில்லை. ஒருவர் கிடங்குச் சாவிக் கொத்து முழுவதையும் இடுப்பில் செருகி வந்தார். இன்னொருவர் நனைந்த துண்டு இரண்டைத் தோளில் போட்டிருந்தார், வெக்கை தாங்கவில்லை என்றார். மூட்டையைக் கனக்க வைக்கத் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை என்று சொல்வது மரியாதையாகாது. ஆகவே அதைச் சொல்ல வேண்டாம். தலைவர் வீட்டில் அவரும் மனைவியும், இரண்டு மகன்களும், மருமகள்களும், பேரப்பிள்ளைகளும் வரிசையாக ஏறினார்கள். கூட்டுத்தொகை அறுநூறு கிலோவைத் தாண்டியபோது கைதட்டல் எழுந்தது. தலைவர் கைகூப்பினார்.

ராஜபாண்டியனும் சொர்ணலட்சுமியும் வெறும் வயிற்றோடு வந்து ஏறி இறங்கினார்கள். பிரீத்திகா இருவர் எடையையும் உயரத்தையும் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "இவுக ரெண்டு பேரும் ஒரு கிராம்கூட இறக்கக் கூடாது. இவுக என்ன செஞ்சாகன்னு கேட்டு அத எல்லாரும் செஞ்சாலே போதும்" என்றார்.

"அப்ப அந்த நாலு கிலோ?" என்றார் செயலாளர்.

டாக்டருக்குப் பொன்னாடையும் குத்துவிளக்கும் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவரை அழைக்கவில்லை.

அடுத்து நடைப்பயிற்சி. விடிகாலையில் மண்டபத்திலிருந்து புறப்பட வேண்டும். முன்னால் தலைவர், அடுத்து பரிவட்டக் குடும்பங்கள், பிறகு நிர்வாகிகள், அதன்பின் மற்றவர்கள். தலைவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. இதைத் தீர்மானமாகப் போடவில்லை, போட வேண்டிய அவசியம் இல்லை. தலைவர் காரில் வந்து இறங்கும் வரை எல்லாரும் நின்றார்கள். அவர் கடைக்குக் கடை நின்று உடல்நலம் விசாரித்தார். பின்னால் ஒரு லோடு ஆட்டோவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. பஜார் முக்கை அடைந்ததும் தலைவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, நடையின் அருமையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். "எங்கப்பா என்னைய நடக்க விட்டதில்ல. நடக்கிற நெலமைல பிள்ளைகள வச்சிரக் கூடாதுன்னு பாடுபட்டவரு. இன்னைக்கு ஊருக்காக நடக்கேன்" என்றார். இரண்டாம் வரிசையில் நின்ற ராஜபாண்டியனுக்கு மார்கழிக் குளிரில் பல் தந்தி அடித்தது. வியர்ப்பதற்கு வழியில்லாத நடை அது. அதே நேரம் சொர்ணலட்சுமி ஆமத்தூர் ரோட்டில் பாதி தூரம் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

நடந்து களைத்தவர்களுக்குக் காலை உணவு, வாரம் ஒரு குடும்பத்தின் உபயம். சிறுதானியம் மட்டும்தான் என்பது நிபந்தனை. முதல் வாரம் தலைவர் வீட்டுத் தினைப் பொங்கல், தினை தெரியாத அளவுக்கு நெய். அடுத்த வாரம் மணிமுத்து அதைவிடக் குறைவாகச் செய்ய முடியாது. சாமைப் பொங்கல், கேப்பை வடை, கருப்பட்டி அல்வா. கருப்பட்டி சீனி இல்லை என்பதை அவர் இலைக்கு இலை நின்று விளக்கினார். மூன்றாம் வாரம் குதிரைவாலியில் ஆட்டுக்கறி பிரியாணி. நாலாம் வாரம் கேப்பை மாவில் எண்ணெய் பரோட்டா. இப்படி ஒன்று ஜில்லாவிலேயே முதல்முறை என்று செயலாளர் மைக்கில் அறிவித்தார், யாரும் மறுக்கவில்லை.

ஐந்தாம் வாரம் ராஜபாண்டியன் வீட்டு முறை. சொர்ணலட்சுமி எப்போதும் செய்வதைத்தான் செய்தாள். கேப்பை இட்லி, காய்கறி நிறையப் போட்ட சாம்பார், தட்டைப்பயறுச் சுண்டல், மோர். கை கழுவிய பிறகு மணிமுத்து அவரைத் தூண் மறைவுக்கு அழைத்துப் போனார். "ஆலைல ஏதும் சங்கடமா அண்ணாச்சி? எதாருந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க. வெளிய போகாது."

ஒரு சங்கடமும் இல்லை என்றார் ராஜபாண்டியன். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர் அதே விஷயத்தை அதே அனுசரணையோடு விசாரித்தார்கள். அவர் அப்பா காலத்தில் அந்த வீட்டை நோக்கி அனுசரணையாக ஒருவரும் பேசியதில்லை.

தை பிறந்ததும் மணிமுத்துவுக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பியபோது கன்னம் ஒட்டியிருந்தது. ஏழு கிலோ இறங்கியிருந்தது. கமிட்டி அவசரக் கூட்டம் போட்டு அவருக்கு மாலை போட்டது. தன் தலைக்கட்டுக்குரியது போக மூன்று கிலோ மிச்சம் வைத்த முதல் ஆள் என்று தலைவர் பாராட்டினார். எப்படிச் சாதித்தார் என்பதைச் சபைக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மணிமுத்து ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தண்ணி சரியில்ல" என்றார். "அம்புட்டுத்தான்."

எந்தத் தண்ணி என்று பின்வரிசையில் இரண்டு பேர் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த மூன்று கிலோ அவர் சம்பந்தி வீட்டுக் கணக்கில் அன்பளிப்பாக வரவு வைக்கப்பட்டது.

அரைத் தலைக்கட்டு வீரலட்சுமி நாற்பது கிலோகூட இருக்க மாட்டாள். அவளிடம் இரண்டு கிலோ கேட்டு ஆள் போனது. அவள் ஒரு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு நேரே மண்டபத்துக்கு வந்து செயலாளர் மேஜைமேல் வைத்தாள். உள்ளே இரண்டு கிலோ துவரம்பருப்பு. "எங்கிட்டருந்து எடுக்கிற மாதிரி இருக்கது இதான், பிரபா. உடம்ப விட்டுரு" என்றாள். கமிட்டி ஒரு மாலைப்பொழுது முழுக்க விவாதித்தது. முன்காலத்தில் மகமையைத் தானியமாகவும் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரிந்ததும் ஏற்றுக்கொண்டது.

அப்படியென்றால் தான் நாலு கிலோ கடலை எண்ணெய் தந்துவிடலாமா என்று ராஜபாண்டியன் கேட்டார். அவர் அப்படிக் கேட்டதே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டார். செயலாளர் வருத்தத்தோடு மறுத்தார். அரைத் தலைக்கட்டுக்குச் சலுகை உண்டு. பரிவட்டக் குடும்பம் எண்ணெய்ச் சட்டியோடு வந்து நின்றால் ஊர் என்ன சொல்லும்?

அதோடு விடவில்லை. மறுநாள் வீட்டுக்கே வந்தார் பிரபாகரன். மோர் வாங்கிக் குடித்துவிட்டு, தனக்கு ஒரு யோசனை இருப்பதாகச் சொன்னார். "மொதல்ல ஏத்திக்கோங்க அண்ணாச்சி. நீங்களும் மதினியுமாச் சேந்து ஒரு அஞ்சு கிலோ ஏத்திட்டு வாங்க. ஆரம்ப இருப்பத் திருத்திருவோம். அப்புறம் நாலு இறக்குங்க. ஒரு கிலோ உங்களுக்கு மிச்சம்."

"ஏத்தாமலே இருந்தா?"

"நெலுவைன்னு வந்துரும்" என்றார் பிரபாகரன். சொல்லும்போது உண்மையிலேயே அவர் முகம் வாடியிருந்தது. "உங்க வீட்டுப் பேர நான் என் கையால அப்படி எழுதணுமா?"

அன்று முதல் ராஜபாண்டியன் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். வயிறு மந்தம் என்றார். மறுநாள் ஆலையில் சாப்பிட்டுவிட்டேன் என்றார். நாலு கிலோவையும் தன் உடம்பிலேயே எடுத்துக் கட்டிவிட்டால் மனைவியிடம் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. சில நாளில் மாடிப்படியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்தபடி அவர் நிற்பதைச் சொர்ணலட்சுமி கீழேயிருந்து பார்த்துவிட்டாள். நேரே அடுப்படிக்குப் போய்த் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"மொதல்ல நானும் பட்டினிதான் கெடந்தேன். உங்களுக்குத் தெரியாது" என்றாள். "ஒரு வாரத்துல இறங்குச்சு. மறு வாரம் நிமிந்து ஏறிருச்சு, கூட வட்டியோட. தலை சுத்துனதுதான் மிச்சம். அப்புறந்தான் உண்டுகிட்டே இறக்கக் கத்துக்கிட்டேன். சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். நாலு கிலோ அப்படியே நின்றது.

மாசி மாதம் தலைவர் வீட்டில் ஒரு சம்பவம் நடந்தது. நடைக்கும் உபயத்துக்கும் பிறகு அந்த வீட்டு எடை கூடியிருந்தது. தலைவரே நிலுவை வைப்பது என்பது உறவின்முறை சரித்திரத்தில் இல்லை. ஒரு நாள் காலையில் அவர் இரண்டு கேஸ் அடுப்புகளை வாங்கி வந்தார். ஒன்றை மாடியிலும் மற்றொன்றைப் பின்கட்டிலும் வைத்து, பெரிய மகன் குடும்பம் இங்கே, சின்ன மகன் குடும்பம் அங்கே சமைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். அடுப்பு வேறானால் தலைக்கட்டு வேறு. அன்று சாயங்காலமே மனைவியோடு பேட்டைக்கு வந்து தராசில் ஏறினார். அறுநூறு கிலோ இருந்த தலைக்கட்டு இருநூறுக்கும் கீழே இறங்கியிருந்தது.

முத்துக்கருப்பன் இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கூவினார். இப்படி ஓர் இறக்கம் எந்த ஊர் உறவின்முறையிலும் நடந்ததில்லை என்று செயலாளர் சொன்னார். மகன்கள் இருவரும் புதுத் தலைக்கட்டுகள், அவர்களுக்கு வரி அடுத்த வருஷம்தான்.

அந்த வாரம் பஜாரில் கேஸ் அடுப்பு தட்டுப்பாடாகிவிட்டது. தெருவில் கூட்டுக் குடும்பம் என்று இருந்த வீடுகளில் எல்லாம் மாடியிலும் மாட்டுக் கொட்டகையிலும் தாளிக்கிற சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் மாமியார் மருமகளைக் கட்டிப்பிடித்து அழுது வழியனுப்பினார், கூடத்திலிருந்து பின்கட்டுக்கு. வேறொரு வீட்டில் யாரும் அழவில்லை. குடும்பங்கள் பிரியாமல் இருக்க வேண்டும் என்றுதான் உறவின்முறையை முன்னோர்கள் ஏற்படுத்தினார்கள் என்று மண்டபச் சுவரில் பளிங்குக் கல் இருக்கிறது. அதன் கீழேதான் செயலாளர் உட்கார்ந்து புதுத் தலைக்கட்டுகளைப் பதிந்துகொண்டிருந்தார்.

கடைசியாக எடை போடுவதற்கு இரண்டு நாள் முன்னால், பொன்னுத்தங்கமே ராஜபாண்டியனின் ஆலைக்கு வந்தார். தனியாக வந்தார். உட்கார்ந்து வெகுநேரம் கடலைத் தோலை விரலால் நசுக்கிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "மதினிக்கு ஒரு அடுப்ப வாங்கிப் பின்கட்டுல வச்சிருங்க அண்ணாச்சி. நீங்க தனி, அவுக தனின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சது. அம்பத்தஞ்சு கிலோ ஒரே நாள்ல இறங்கிரும். பரிவட்டம் உங்களுக்குத்தான்."

ராஜபாண்டியனுக்குக் கோபம் வரவில்லை, அசதியாக இருந்தது. வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று பொதுவாக விசாரித்தார்.

"நல்லாருக்கோம்" என்றார் தலைவர். "அமைதியா இருக்கு. முந்தி சாப்பிடக் கூப்பிட்டா பதினோரு பேரு வருவாக. இப்ப கூப்பிட ஆளில்ல, கூப்பிடவும் வேண்டியதில்ல. எடை போட்ட பெறகு பயல்கள ஒன்னாச் சேந்துக்கச் சொன்னேன். பெரியவன் மாட்டேங்கான். கம்பெனியையும் ரெண்டாப் பிரிச்சுக் குடுங்கன்னு கேக்கான்." எழுந்துகொண்டே, "ஆனா இறக்கம் நல்ல இறக்கம்" என்றார்.

அன்று மதியம் ராஜபாண்டியன் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அவருக்குப் போட்டுவிட்டுச் சொர்ணலட்சுமி தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நாற்பது வருஷமாக மத்தியானத்தில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறார். தலைவர் சொன்னதை அவளிடம் சொன்னார். அவள் புடலங்காய்க் கூட்டை அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "பரிவட்டம் உங்க வீட்டுது. முடிவும் உங்களுது" என்றாள். அவர் அப்பா சாகும்போது சொன்ன இரண்டு மூன்று விஷயங்களில் பரிவட்டமும் ஒன்று. அது அவளுக்கும் தெரியும்.

எடை போடும் நாளில் தெருவே பேட்டையில் கூடியது. ராஜபாண்டியன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அங்கவஸ்திரத்தோடு வந்தார். சொர்ணலட்சுமி கூடவே வந்தாள். இருவரும் ஏறி இறங்கினார்கள். ஆரம்ப இருப்பு எதுவோ அதுவே. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

செயலாளர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி, மிகவும் பிரியமாக, "வீட்டுல அடுப்பு எத்தன அண்ணாச்சி?" என்று கேட்டார்.

இரண்டு என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அவர் சொல்ல வேண்டும் என்றுதான் பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். ஏனென்றால் அவர்கள் எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

"ஒன்னு" என்றார் ராஜபாண்டியன்.

சொர்ணலட்சுமி செயலாளரைப் பார்த்தாள். சபையில் அவள் பேசியது அது ஒரு தடவைதான். "நான் ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே இறக்கிட்டேன் தம்பி. இன்னைக்கு வரைக்கும் ஏறாம வச்சிருக்கேன். ஏறாம வச்சிருக்கதுக்கு உங்க கணக்குல எடமிருக்கா?"

பிரபாகரன் பதிவேட்டைப் புரட்டித் தேடிப் பார்த்தார். மனசாரத்தான் தேடினார். அப்படி ஒரு இனம் இல்லை என்றார்.

"அப்ப நெலுவைன்னு எழுத வேண்டாம்" என்றார் ராஜபாண்டியன். குரலை உயர்த்தவில்லை. "எங்க வீட்டுப் பேர்ல அந்தச் சொல்லு வரக் கூடாது. பரிவட்டத்த நாங்களே விட்டுக் குடுத்தோம்னு எழுதிக்கோங்க. நீங்க கேட்டு வாங்கல, நாங்களாக் குடுத்தது." அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தார். சொர்ணலட்சுமி முத்துக்கருப்பனிடம் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு பின்னால் வந்தாள்.

பொங்கலன்று முதல் பரிவட்டம் பொன்னுத்தங்கம் தலையில் கட்டப்பட்டது. அவர் மகன்கள் புதுத் தலைக்கட்டுகளுக்கான கடைசி வரிசையில், ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் நின்றார்கள். புதுத்தெரு ஒரே சீசனில் ஆறு டன் எடை குறைத்துச் சாதனை என்று பஜார் முக்கில் பெரிய பேனர் வைத்தார்கள். ஒரு லாரி லோடு என்று அதில் விளக்கமும் இருந்தது. பேனரில் இருந்த நிர்வாகிகளின் படங்கள் போன வருஷத்து பேனரில் இருந்ததைவிட அகலமாக இருந்தன. அது அச்சுப் பிழை என்று செயலாளர் சொன்னார். சித்திரையில் மூன்றாமவராக ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். இந்த முறை நேரம் கிடைத்தது. அவர் மணிமுத்து.

ராஜபாண்டியன் பொங்கலன்று கூட்டத்தோடு நின்று கும்பிட்டார். தலை வெறுமையாக இருந்தது. காற்று பட்டது. சங்கடமாகத்தான் இருந்தது, இல்லை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சொர்ணலட்சுமியோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாளிலிருந்து, தலைவருக்குப் பின்னால் நிற்க வேண்டிய கடமை முடிந்துவிட்டதால், காலையில் அவளோடு நடக்கக் கிளம்பினார்.

பரிவட்டம் போன வருத்தத்தில் ராஜபாண்டியனும் சொர்ணலட்சுமியும் பிரிந்துவிட்டார்கள் என்றும், ஆமத்தூர் ரோட்டில் ஒரு பர்லாங் இடைவெளி விட்டுத் தனித்தனியாக நடப்பதைக் கண்ணால் பார்த்ததாகவும் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. பிரியவில்லை. அவருக்கு இடது முழங்கால் வலி. அவள் வேகமாக நடப்பவள்.